எழும்பூரா, சோழமண்டலமா? சென்னையில் நவீன ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

டெல்லிக்கு 1954-இல் தேசிய நவீனக் கலைக்கூடம் கிடைத்தது. மும்பைக்கு 1996-இல், பெங்களூருக்கு 2009-இல். 1850-லேயே ஓவியப் பள்ளி தொடங்கிவிட்ட சென்னைக்கு இன்னும் அப்படி ஒன்று கிடையாது. அதனால் நவீன ஓவியம் எங்கே பார்ப்பது என்று யாராவது கேட்டால், ஊருக்கு நடுவில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் சமகாலக் கலைக்கூடத்தைச் சொல்ல வேண்டும், அல்லது ஊருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இருக்கிற ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவரை நான் ஈஞ்சம்பாக்கத்துக்குத்தான் அனுப்புவேன். அதற்காக எழும்பூரை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

போய்ச் சேரும் வசதியில் எழும்பூருக்கு நிகர் இல்லை. ரயிலோ மெட்ரோவோ பிடித்து இறங்கினால் அருங்காட்சியகம் இருக்கிற பாந்தியன் சாலை நடக்கிற தூரம். டிக்கெட்டும் மலிவு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. சிக்கல் உள்ளே போன பிறகுதான். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, பழைய சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்று சொல்வார்கள். அமராவதிச் சிற்பங்கள், திமிங்கில எலும்புக்கூடு, செப்புத் திருமேனிகள் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி முடிப்பதற்குள் கால் கெஞ்சும், கூட வந்த பிள்ளைக்குப் பசிக்கும். 1984-இல் வந்த சமகாலக் கூடத்துக்குப் பெரும்பாலானவர்கள் வந்து நிற்பது அந்த நிலைமையில்தான். ஓவியத்துக்கு எதிரில் நின்றுகொண்டு மனசுக்குள் ஓட்டலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஓவியனைக் குறை சொல்லி என்ன பயன்?

என் யோசனை, வரிசையைத் தலைகீழாக்குவது. வாசலில் நுழைந்ததும் வேறு எங்கும் திரும்பாமல் நேராகச் சமகாலக் கூடத்துக்குப் போய்விடுங்கள். திமிங்கிலம் எங்கேயும் ஓடிப் போகாது. காலைப் பொழுதின் தெளிவோடு ஒரு கேன்வாஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பதும், களைத்துப் போய் இருபது கேன்வாஸைக் கடந்து போவதும் ஒன்றல்ல.

எழும்பூரில் எனக்கு இன்னொன்று பிடிக்கும், அங்கே வருகிற கூட்டம். வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள், சீருடையில் வரிசை கட்டி வரும் பள்ளிப் பிள்ளைகள், காலேஜைக் கட் அடித்துவிட்டு வந்தவர்கள். "இது என்னங்க, ஒண்ணும் புரியலையே" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்படாதவர்கள். தனியார் கேலரிகளில் இந்தக் குரல் கேட்காது. புரியாவிட்டாலும் தலையாட்டுகிற பழக்கம் அங்கே அதிகம்.

சோழமண்டலம் வேறு மாதிரி. முதலில் சொன்ன ஓவியப் பள்ளி கல்லூரியாக வளர்ந்த பிறகு அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தன் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து தொடங்கிய கிராமம் இது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் என்பதால் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் காலூன்றினார்கள். கே. ராமானுஜம், ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி என்று, அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவான நவீன ஓவியர்களின் அலையான சென்னை ஓவிய இயக்கத்தின் முக்கியமான பெயர்கள் பலவும் இந்த இடத்தோடு சேர்ந்தவை. அந்த இயக்கத்துக்கென்றே 2009-இல் இங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு ஆசிரியர், இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர் என்கிற உறவோடு படங்களைப் பார்க்கக் கிடைக்கிறது. எழும்பூரில் தனித்தனியாகத் தெரிகிற படங்கள் இங்கே ஒரு பேச்சின் தொடர்ச்சியாகத் தெரியும்.

போவதற்கு முன்னால் பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். எட்டி நின்று பார்த்தால் பழைய ஜாதக நோட்டு மாதிரி கட்டங்களும் பொடி எழுத்தும் இருக்கும். மலையாளம் போலிருக்கிறதே என்று கிட்டே போய்ப் படிக்க முயன்றால் எதுவும் பிடிபடாது. படிக்கிற எழுத்து இல்லை, பார்க்கிற எழுத்து. இந்தத் தந்திரம் புரிந்துவிட்டால் மற்றவர்களின் படங்களில் கோடு ஏன் இவ்வளவு ஆட்சி செய்கிறது என்பதும் பிடிபடத் தொடங்கும்.

இரண்டு இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உலோகச் சிற்பம். எழும்பூர்ச் செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒரு சோழர் காலத் திருமேனியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் புரளும் முடி, இடுப்பு ஆடையின் முடிச்சு, எல்லாமே முன்பக்கத்துக்குக் காட்டிய அதே அக்கறையோடு செய்யப்பட்டிருக்கும். வீதியுலா போகிற உற்சவர் அல்லவா, நாலு பக்கமும் ஜனம் நிற்கும். அதற்குப் பிறகு சோழமண்டலம் வந்து, பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் சிற்பம் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். செம்பையும் பித்தளையையும் தகடாக வெட்டி, தட்டி, பற்றவைத்து எழுப்பியது. முழு வேலையும் நம்மைப் பார்த்தபடி முன்பக்கத்தில் குவிந்திருக்கிறது, மூலவருக்குச் சாத்திய கவசம் மாதிரி. ஊரைச் சுற்றி வருகிற சாமியை விட்டு, கருவறையில் நேருக்கு நேர் நிற்கிற சாமியிடமிருந்து இந்தத் தலைமுறை பாடம் படித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும், இரண்டையும் அடுத்தடுத்து நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது.

சோழமண்டலத்தின் குறை தூரம். சொந்த வண்டி இல்லாதவர்கள் திருவான்மியூர் வந்து ஈசிஆர் பஸ் பிடிக்க வேண்டும், இல்லை ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டும். கூட்டம் குறைவு என்பதால் சிலருக்கு அந்த அமைதியே தயக்கமாகிவிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கவலை இல்லை. வெளியே சிற்பத் தோட்டம் இருக்கிறது, ஓடியாடலாம். ஆனால் உள்ளே இருப்பவை கலைஞர்களின் வீடுகள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, திண்ணையில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதெல்லாம் வேண்டாம்.

இன்றைக்கு வரைகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டுமே போதாது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குப் போங்கள். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், சில சமயம் வரைந்தவரே பக்கத்தில் நிற்பார், கேட்டால் பேசுவார். ஒருநாள் அருமையாக இருக்கும், இன்னொரு நாள் சுமாராக இருக்கும்.

ஈசிஆரில் இன்னும் தெற்கே இருக்கிற முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவையும் சோழமண்டலம் போகிற அதே நாளில் பார்த்துவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். அது பழைய வீடுகளும் கைவினையும் சார்ந்த இடம், அதற்கே அரை நாள் வேண்டும். சேர்த்துத்தான் போவேன் என்றால் சோழமண்டலத்தைக் காலையில் முதலில் முடித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், தட்சிணசித்ராவுக்கு அன்று விடுமுறை. ஞாயிறும் வேண்டாம், மகாபலிபுரத்திலிருந்து திரும்புகிற கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.