தி ஹூ: ஸ்டுடியோ ஒலிப்பதிவும் லீட்ஸ் மேடையும்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான தி ஹூவை முதன்முதலாகக் கேட்க விரும்புவோர், 1969-ல் வெளியான 'டாமி' என்ற ஸ்டுடியோ தொகுப்பில் தொடங்குவதா, 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவான 'லைவ் அட் லீட்ஸ்' என்ற மேடைத் தொகுப்பில் தொடங்குவதா என்று தயங்குவது இயல்பே.

லண்டன் ஐபிசி ஸ்டுடியோவில் கிட் லாம்பர்ட் தயாரித்த 'டாமி', ஒரு சிறுவனின் கதையை இரண்டு இசைத்தட்டுகளில் சொல்கிறது. பீட் டவுன்ஷெண்டின் அக்கூஸ்டிக் கிதாரும், ஜான் என்ட்விசிலின் பிரெஞ்சு ஹார்னும், அடுக்கடுக்காகச் சேர்த்த குரல்களும் அதற்கு நுட்பமான அழகைத் தருகின்றன. ஆனால் கீத் மூனின் டிரம்ஸ் அதில் சற்று அடங்கியே ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மேடையிலோ ரோஜர் டால்ட்ரியின் குரலுக்குத் துணை ஒரு கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம்ஸ் மட்டுமே. கிதார் ஓயும் இடங்களில் என்ட்விசிலின் பேஸ் முன்வந்து அவ்விடத்தை நிரப்புவதையும், மூன் தாளத்தைக் காப்பதோடு நில்லாமல் பாடகரோடு உரையாடுவதையும் கேட்கும்போதுதான் இக்குழுவின் உண்மையான வலிமை விளங்குகிறது. 1965-ல் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடத்தில் முடிந்த 'மை ஜெனரேஷன்' பாடல், லீட்ஸில் 'டாமி'யின் பகுதிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு 14 நிமிடங்களைத் தாண்டி விரிகிறது.

'லைவ் அட் லீட்ஸ்' தொகுப்பின் முதல் வெளியீட்டில் ஆறு பாடல்களே இருந்தன. அன்றிரவு வாசித்த 'டாமி' பகுதியும் அடங்கிய 2001-ஆம் ஆண்டுப் பதிப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கதையின் பின்னலை முழுமையாக அறிய விரும்புவோர் பின்னர் ஸ்டுடியோப் பதிவுக்குச் செல்லலாம்.