மழைநீருக்கு மணல் குழியா, பழைய போர்வெல்லா?

மொட்டை மாடித் தண்ணீரை ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டும் டிரம் வழியாக வற்றிய போர்வெல்லில் இறக்குவதா, மணல் நிரப்பிய கசிவுக் குழியில் விடுவதா? 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது முதல் சென்னையில் இரண்டும் உண்டு. எங்கள் வீட்டில் குழிதான் போட்டோம்.

போர்வெல்லுக்கு இடம் வேண்டாம், செலவும் குறைவு, தண்ணீர் மளமளவென்று இறங்கும். அந்த வேகம்தான் எனக்கு உதைத்தது.

மணல் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. அரை மில்லிமீட்டர் பருக்கைகளுக்கு இடையிலுள்ள சந்து ஒரு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது. துகள் பருக்கையில் மோதி ஒட்டினால்தான் நிற்கும். பெரிய துகள் கனத்தால் படிந்துவிடும். மிக நுண்ணியது நீர் மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைந்து போய் மோதும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் இருப்பதுதான் இரண்டிலும் சிக்காமல் நழுவும். பல பாக்டீரியாக்களின் அளவும் அதுதான். அவற்றைப் பிடிக்க நீளமான மணல் பாதையும் மெதுவான ஓட்டமும் வேண்டும். டிரம்மில் இரண்டுமே இல்லை.

இன்னொன்று, மழைநீரில் உப்பு மிகக் குறைவு. மணலும் களிமண் துகளும் பெரும்பாலும் ஒரே எதிர்ம மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கால்சியம் போன்றவை கரைந்திருந்தால் அந்தத் தள்ளல் தணியும். மழைநீரிலோ அது கூடி, முன்பு ஒட்டியதுகூடக் கழன்று கிளம்பலாம். குழியில் கழன்றாலும் கீழே இன்னும் மண் இருக்கிறது. டிரம்மில் கழன்றால் நேராக நிலத்தடி நீர்தான்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. குழியில் வண்டல் பெரும்பாலும் மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். தண்ணீர் இறங்கச் சுணங்கினால் மண்வெட்டியால் மேல் மணலைச் சுரண்டி, அலசித் திரும்பப் போட்டால் சரி. ஆள்கூடத் தேட வேண்டாம். போர்வெல்லில் பாறை வெடிப்புகளை வண்டல் அடைத்தால் கம்ப்ரஸர் வண்டியைக் கூப்பிட்டு, அழுத்தக் காற்றால் வண்டலை வெளியேற்றும் ஃப்ளஷிங் செய்ய வேண்டும். செய்தாலும் வெடிப்புக்குள் ஆழமாகப் போனது முழுக்க வெளியே வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

எங்கள் தெரு மணற்பாங்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். களிமண் தரையில் குழி தேங்கி நிற்கும். அங்கே களிமண்ணைத் தாண்டி உறைக்கிணறு இறக்குகிறார்கள். அதைப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை. போர்வெல்தான் வழி என்றால் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்ப ஒரு வால்வு வையுங்கள். டிரம்முக்குப் பதில் தொட்டி கட்டி, ஜல்லியைக் குறைத்து, அலசிய மணலைக் கூட்டுங்கள். பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் என்றால் அதிலுள்ள கல்தூசு போக ரெண்டு தடவை அலச வேண்டியிருக்கும்.