14 அமர்வுகள், 3 பல் உறைகள்

இந்த மனநல மையத்துக்கு என்னை அனுப்பியவர் ஒரு பல் மருத்துவர். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்கள் மழுங்கிவிட்டன. இரவில் மாட்டிக்கொள்ள அவர் செய்துகொடுத்த உறையையும் கடித்தே ஓட்டையாக்கினேன். இரண்டாவது உறைக்கும் அதே கதி ஆனபோது, "எத்தனை காலமாக இப்படி?" என்று கேட்டார். கணக்குப் போட்டேன். என்னை அடித்து வதைத்த மனிதனை விட்டு வந்தே 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேசையில் இருந்தவர், காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "என்ன பிரச்சினைக்கு வந்திருக்கிறீர்கள்?" என்றார். "பல்" என்றேன். விழித்தார். விழிக்கட்டும்.

உள்ளே இருந்த சிகிச்சையாளர் வேறு ரகம். எங்கே உட்கார விருப்பம் என்று என்னையே கேட்டார். கதவைப் பார்த்திருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். காரணம் கேட்கவில்லை. அடுத்த வாரம் போனபோது அது அதே இடத்தில் எனக்காகக் காலியாக இருந்தது.

இரண்டாம் அமர்வில், "கழுத்தை நெரித்தது உண்டா?" என்று கேட்டார். கழுத்து வலிக்கு எத்தனை தைலம், எத்தனை மாத்திரை, எத்தனை தலையணை! ஒருவரும் இதைக் கேட்டதில்லை. இரண்டு முறை உண்டு. ஒருமுறை நினைவு தப்பியது. வெளியே ஒரு தடமும் இல்லாமலே உள்ளே ரத்தக் குழாய் கிழியக்கூடும், பிறகு பக்கவாதம் வரைக்கும் போகலாம் என்று விளக்கி, நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். ஸ்கேனில் குழாய்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் பேச்சின் நடுவே சொல் மறந்து நிற்கிறேனே, அதற்குத் தலை சுவரில் மோதிய அடிகளும் காரணமாக இருக்கலாம் என்றார் அந்த மருத்துவர். இத்தனை காலமும் மந்தபுத்தி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை, கண் அசைவு முறை. சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போகும். கண்ணால் அதைத் தொடர்ந்தபடி அவன் செய்ததை நினைக்க வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்த முறை என்றார். அரை மனதோடுதான் தொடர்ந்தேன். அமர்வு நாளில் மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் அமர்வுக்குப் பிறகு எனக்கு வயிறு கலங்கி இரண்டு இரவு தூக்கமே இல்லை. இதை முன்பே எச்சரித்திருக்க வேண்டும்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் என் தோள்கள் காதுவரை ஏறிவிடும், வருவது என் மகள்தான் என்று தெரிந்தாலும். இப்போதும் ஏறுகின்றன, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இறங்கிவிடுகின்றன. தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது வரவேற்பு மேசைக்காக. மூன்றாவது பல் உறை 5 மாதமாக ஓட்டை விழாமல் இருக்கிறது.