40 சீட், 20,000 படம்: லண்டன் குளோஸ்-அப்

லண்டனில் இன்னும் பிலிம் ஓட்டுகிற தியேட்டர் உண்டா என்று கேட்பவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். பிரிக் லேனை ஒட்டிய ஸ்கிளேட்டர் தெரு, பெயர் குளோஸ்-அப். நான் ஈஸ்ட் ஹாமில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒயிட்சாப்பல் வந்து ஓவர்கிரவுண்ட் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ஷோர்டிச் ஹை ஸ்ட்ரீட். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். கட்அவுட், கொடி, கூட்டம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். காபிக் கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடிய இடம்.

நான் விருதுநகர் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, க்யூப் என்ற டிஜிட்டல் முறை வந்தபின் வெளியே வந்தவன். அதனால் சீட்டு மெத்தென்று இருக்கிறதா, ஏசி குளிருகிறதா என்பதெல்லாம் இந்த விமர்சனத்தில் கிடைக்காது.

உள்ளே மொத்தம் 40 சீட்டுதான். எங்கள் ஊரில் பெஞ்சு டிக்கெட் வரிசையில் மட்டுமே அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். ஆனால் 35 எம்எம் பிலிம், 16 எம்எம் பிலிம், 4கே டிஜிட்டல் மூன்றும் ஓட்டுகிறார்கள். எல்லாப் படமும் பிலிமில் வராது. நிகழ்ச்சி நிரலில் படத்தின் பெயரோடு எதில் ஓட்டுகிறார்கள் என்பதையும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். முன்கூட்டியே எடுப்பது நல்லது. 40 சீட்டு நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நான் பார்த்தது 1950களின் ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படம், 35 எம்எம் பிரின்ட். கதையைப் பற்றிப் பேசப் போவதில்லை. நான் பாதி நேரம் திரையின் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரீல் 2,000 அடி என்றால் சுமார் 22 நிமிடம் ஓடும். முடிவதற்குச் சில விநாடி முன்னால் அந்த மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். அதைக் கண்டதும், அடுத்த ரீலை ஏற்றித் தயாராக வைத்திருக்கும் இன்னொரு மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் படத்தை அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஒரு புள்ளி நாலே ஃபிரேம், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. எத்தனை வருஷம் அதற்காகக் கண்ணை விழித்து வைத்துக்கொண்டு நின்றிருப்பேன்! இங்கே புள்ளி தெரிந்ததும் என் வலது கை தானாக எழுந்தது. பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான். அடுத்த ரீல் பிசிறில்லாமல் வந்து சேர்ந்தது. ஆபரேட்டர் யாரோ, கைகாரர்.

பிரின்டில் ஆங்காங்கே மழை பெய்தது. ரீல் தொடங்குகிற, முடிகிற இடங்களில் கீறல் கோடு விழத்தானே செய்யும். அதை ஒரு குறையாகவே நான் எழுத மாட்டேன். கறுப்பு மட்டும் எப்படி இருந்தது தெரியுமா! இருட்டு அறையின் மூலையில் நிற்கும் ஒரு பெண்ணின் கூந்தல் இருட்டோடு கலந்துவிடாமல் தனியாகத் தெரிந்தது. மகள் வீட்டுப் பெரிய டிவியில் இது வராது. சப்டைட்டில் ஆங்கிலத்தில் வந்தது. என்னைப் போல எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஓட்டம்தான்.

இனி நூலகம். இந்த இடம் தியேட்டராகத் தொடங்கியதே அல்ல. 2005இல் பிரிக் லேனில் வீடியோ நூலகமாக ஆரம்பித்தார்கள். தியேட்டர் வந்தது 2015இல். 20,000க்கும் மேற்பட்ட படங்கள் டிவிடி, விஎச்எஸ் என்று இருக்கின்றன, சினிமாப் புத்தகங்கள் வேறு. உறுப்பினரானால் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். என்னைப் போல் விசாவில் வந்து போகிறவனுக்கு அது உதவாது, உள்ளூர்க்காரர்களுக்கு வரம். 'எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே அப்பா' என்றாள் மகள். இருப்பது இருக்கும், ஒரு நாள் சொல்லாமல் எடுத்துவிடுவான். அலமாரியில் இருக்கிற டிஸ்க்கை யார் வந்து எடுப்பான்?

நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. ஒரு பிரின்ட்கூட இன்று கிடையாது. பழைய பிரின்டுகளை, பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்ட கதையை எங்கள் ஆட்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஓடி முடித்த படத்தை வைத்துக்கொள்ள இடமில்லை என்பார்கள். பிரிக் லேன் பக்கம் இடம் என்ன சும்மாவா கிடைக்கிறது? அங்கே விஎச்எஸ் கேசட்டுக்குக்கூட அலமாரி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

மசாலாப் படம் தேடுகிறவர்கள் இங்கே வர வேண்டாம். குழந்தைகளையும் கூட்டிவர வேண்டாம், நாற்பது பேர் நடுவில் ஒரு குழந்தை அழுதால் போதும், படம் காலி. ஞாயிற்றுக்கிழமை பிரிக் லேனில் சந்தைக் கூட்டம் நெருக்கும், அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள். முக்கியமாக, நம் ஊர் மாதிரி இடைவேளை விடமாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படமாக இருந்தால் காபியைப் படம் விட்டபிறகு குடித்துக்கொள்ளலாம்.