கறவை ரோபோவா, வாளி இயந்திரமா: யாழ்ப்பாணத்துக் குடும்பப் பண்ணைக்கு எது பொருந்தும்?

1992இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் வணிகரீதியாக அறிமுகமான கறவை ரோபோ, தீவனத்தை நாடித் தானாகவே வந்து நிற்கும் பசுவின் காம்புகளை லேசர் அல்லது கமரா மூலம் கண்டறிந்து, கழுவி, உறிஞ்சு குவளைகளைப் பொருத்தி, பாலின் மின்கடத்துதிறனைக் கொண்டு மடிநோயின் அறிகுறியையும் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. விடியற்காலைக் கறவையிலிருந்து குடும்பத்தை விடுவிப்பது உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

ஆனால் ஒரு ரோபோ ஏறத்தாழ 60 பசுக்களுக்கென அமைக்கப்பட்டது. கோப்பாயிலோ தெல்லிப்பழையிலோ வீட்டு வளவுக் கொட்டிலில் நிற்கும் நாலைந்து பசுக்களைக் கொண்டு அதன் முதலீட்டை மீட்கவே முடியாது. கட்டி வளர்க்கும் பசு தானாக நடந்து வருவதற்கும் வழியில்லை. நாட்டுக் கலப்புப் பசுக்கள் பல, கன்று முட்டி ஊட்டினால்தான் பாலைச் சுரக்கும் என்பது இன்னொரு தடை.

வாளி இயந்திரம் என்பது பாலை உறிஞ்சி ஒரு மூடிய வாளியில் சேர்க்கும் சிறிய கறவைக் கருவி. இதில், கன்றைச் சற்று ஊட்டவிட்டுப் பிரித்து, காம்புகளைக் கழுவித் துடைத்து, முதலில் வரும் சிறிது பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சித் திரிதிரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே குவளைகளை மாட்டுகிறோம். நோயைக் கண்டுபிடிப்பது இங்கே நம் கண்தான். மின்தடை வந்தால் சிறிய மின்பிறப்பாக்கி போதும், அதுவுமில்லையேல் கையாற் கறக்கலாம். ரோபோ பழுதானாலோ, பயிற்சி பெற்ற திருத்துநர் வரும்வரை மடி கட்டிப் பசு தவிக்கும்.

ஆகவே, இன்றைய நிலையில் வாளி இயந்திரமே என் தெரிவு. வாங்குவோர் உறிஞ்சும் அளவைக் காட்டும் வெற்றிட அழுத்தமானியையும், குவளைகளுக்குள் இருக்கும் இறப்பர் உறைகளுக்கு உள்ளூரில் மாற்று கிடைக்குமா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும்.