லாமி வில்லுடன் பதினோரு ஆண்டுகள்

ஜோசஃப் ஆல்ஃபிரட் லாமி செய்த வயலின் வில் ஒன்றை நான் பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். உருண்டைத் தண்டு, கைப்பிடிப் பக்கத்தில் குதிரைவால் முடியைப் பிடித்திருக்கும் வெள்ளிப் பூண் போட்ட கருங்காலிக் கட்டை, எடை 58 கிராம். கட்டைக்குச் சற்று மேலே 'ஏ. லாமி ஆ பாரி' என்ற முத்திரை உண்டு. ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பலருடைய விரல்கள் உரசியதில் அதன் முதல் எழுத்துகள் தேய்ந்து, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

லாமி 1850-இல் பிரான்சின் மிர்கூர் என்னும் ஊரில் பிறந்தார். புகழ்பெற்ற வில் கைவினைஞர்களான டொமினிக் பெக்காட், யூஜின் சார்டோரி ஆகியோரும் அவ்வூர்க்காரர்களே. பாரிஸுக்கு வந்து ஃபிரான்சுவா நிக்கோலா வுவாரின் என்ற வில் கைவினைஞரிடம் பணிபுரிந்த லாமி, 1885-இல் வுவாரின் மறைந்த பிறகு தனிப் பட்டறை தொடங்கினார். தண்டை மெலிதாக்கி, வளைவின் ஆழத்தைத் தலைப்பக்கமாக நகர்த்தியவர் வுவாரின். அந்த மென்மையைக் கைவிடாமல் தண்டுக்குக் கூடுதல் உறுதியைத் தந்தவர் லாமி என்பதை வாசிப்பில் அறிந்தேன்.

முதல் ஆறு மாதங்கள் இந்த வில் எனக்கு வசப்படவில்லை. அதுவரை கனத்த வில்லை அழுத்தி இழுத்தே பழகியிருந்ததால், இதையும் அப்படியே அழுத்தினேன். தண்டு முடியைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, ஒலி நெரிபட்டது. ஆள்காட்டி விரலின் அழுத்தத்தைக் குறைத்து, கையின் இயல்பான பாரத்தை மட்டும் தந்தியின் மேல் இறங்கவிட்ட நாளில்தான் அதன் உண்மையான குரல் கேட்டது. மெல்லிய ஒலியில்கூட ஒவ்வொரு சுரமும் தெளிவாகத் தொடங்குகிறது. மெண்டல்சன் கான்செர்ட்டோவின் இறுதிப் பகுதியில் வரும் விரைவான துள்ளல்களை வில்லே எடுத்துக்கொள்கிறது; நான் தடுக்காமல் இருந்தால் போதும். ஆனால் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிராக உரத்து வாசிக்க வேண்டிய இடங்களில் இதன் வலிமைக்கு எல்லையுண்டு. அவ்வகை வாசிப்பையே முதன்மையாகக் கொண்டவருக்குச் சார்டோரியின் வில்லைத்தான் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் ஆண்டில், முடி மாற்றித் தந்தவர் குதிரைவால் முடியைச் சற்றுக் குறுக்கிக் கட்டிவிட்டார். குளிர்காலத்தில் அறையின் காற்று வறண்டு முடி மேலும் சுருங்க, திருகை முழுவதும் தளர்த்திய பின்னும் அது விறைப்பாகவே நின்றது. கவனிக்காமல் இரண்டு வாரம் பெட்டியில் வைத்திருந்ததால் தண்டு பக்கவாட்டில் கோணியது. வேறொரு கைவினைஞர் இளஞ்சூட்டில் நிமிர்த்தித் தந்தார். அந்த வாரம் எனக்குச் சரியான உறக்கமில்லை. இப்போது முடி மாற்றியதும், திருகைத் தளர்த்தினால் முடி தொய்கிறதா என்று அங்கேயே சோதித்த பிறகுதான் வாங்கிவருகிறேன்.

தண்டின் மரம் பிரேசிலின் பெர்னம்புகோ. அந்த மரம் 2007 முதல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. என் வில்லின் நுனியில் பழைய யானைத் தந்தத் தகடும் இருப்பதால், உரிய அனுமதிச் சீட்டின்றி எல்லை கடக்க முடியாது. ஆகவே வெளிநாட்டுப் பயணங்களுக்குக் கார்பன் வில்லைக் கொண்டுசெல்கிறேன். திரும்பி வந்ததும் லாமியைக் கையில் எடுத்தால், விரல்கள் பழகிக்கொள்ள அரைமணி நேரம் ஆகிறது.