மாதிரிக் கட்டுரையா, திருத்தி எழுதுதலா: தரம் 6 முதல் 9 வரை எது உதவும்?

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து தரம் 6க்கு வரும் பிள்ளைகள் பலர் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பார்கள். "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால்தான் நின்றுவிடுவார்கள்.

முதலில் வாசிப்பு. நம் வகுப்புகளில் பழகிய முறை, ஒருவர் பின் ஒருவராக எழும்பி உரத்து வாசிப்பது. இதில் நன்மை உண்டு. வீட்டில் "வந்திட்டுது" என்று பேசும் பிள்ளைக்கு "வந்துவிட்டது" என்பது காதில் விழுந்து வாயில் பழக வேண்டும். ல, ள, ழ வேறுபாடும் அப்படித்தான் பிடிபடும். ஆனால் 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையை எப்படிப் பங்கிட்டாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் தன் முறை எப்போது வரும் என்று வரியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவில் பலின்சார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான்: வாசிக்க வரும், விளங்காது. ஒரு பந்தி வாசித்ததும் சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு மெல்ல மெல்லப் பிள்ளைகளிடம் விடுவார். வகுப்பில் இரைச்சல் கூடும், பாடம் மெதுவாகப் போகும். இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. விளங்கி வாசிக்க வைப்பதற்கு என் தெரிவு இதுதான்.

எழுத்தில்தான் சண்டை பெரிது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ரியூசன் வகுப்புகளில் மாதிரிக் கட்டுரையைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்குவது வழக்கம். அதை எதிர்ப்பவர்கள், பிள்ளையைச் சுதந்திரமாக எழுதவிட்டு இரண்டு மூன்று முறை திருத்தச் சொல்லுங்கள் என்பார்கள். 4 முதல் 12 வரையான வகுப்புகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து கிரகாம், பெரின் என்ற ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்கு இருதரப்புக்கும் தேவை. ஒரு முறையால் பிள்ளைகளின் எழுத்து எவ்வளவு முன்னேறியது என்பதை அவர்கள் ஓர் எண்ணால் காட்டுகிறார்கள்: 0.2 அளவில் என்றால் சிறிய பலன், 0.8 அளவில் என்றால் பெரிய பலன். மாதிரிகளைப் பார்த்துப் படிப்பதன் பலன் 0.25. பல கட்டங்களாக எழுதவிடும் முறையின் பலன் 0.32. பெரிய வித்தியாசமில்லை. எப்படித் திட்டமிடுவது, எப்படித் திருத்துவது என்று படிப்படியாகக் கற்பித்தால் 0.82. சுருக்கம் எழுதப் பழக்கினாலும் அதே 0.82. அவை தமிழ் வகுப்புகளில் செய்த ஆய்வுகள் அல்ல, சரி. ஆனால் "திருத்தி எழுது" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது என்பது நம் வகுப்பிலும் கண்கூடு.

ஒரு பிள்ளை எழுதுகிறது: "காலிமுகத்திடல் அழகான இடம். அங்கே பலர் வருவார்கள். நான் மகிழ்ந்தேன்." இதில் சிவப்புப் பேனையால் திருத்த ஒரு பிழையும் இல்லை. யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "இஸ்ஸோ வடை வண்டிக்குப் பக்கத்தில் நின்று தம்பி பட்டம் கேட்டு அழுதான்" என்று வரும். அந்தக் கேள்விகளைத் தானே தன்னிடம் கேட்கப் பிள்ளைக்குப் பழக்குவதுதான் கற்பித்தல். முதல் பிரதியில் விஷயத்தை மட்டும் பாருங்கள். சந்தியும் எழுத்துப்பிழையும் இரண்டாவதில். நாற்பது கொப்பி திருத்தும் ஆசிரியருக்கும் இது சுமையைக் குறைக்கும்.

மாதிரிக் கட்டுரையைத் தூக்கி வீச வேண்டாம். இது ஏன் இப்படித் தொடங்குகிறது, இந்தப் பந்தி இல்லாவிட்டால் என்ன குறையும் என்று பிரித்துப் பார்க்க நல்ல பொருள். பாடமாக்க மட்டும் கொடுக்காதீர்கள். சுருக்கத்துக்கு வீரகேசரி, தினகரன் செய்தி ஒன்றே போதும்.

இன்னும் எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு மட்டும் வரிசை மாறும். அந்தப் பிள்ளையை நாற்பது பேர் முன்னால் எழுப்பாமல், பக்கத்தில் இருத்தி, தினமும் கொஞ்ச நேரம் உரத்து வாசிக்க வையுங்கள்.